ஒரு எச் அதிகம்

ஆக்னஸுக்கு அந்த வேலை கிடைத்ததே அவளுடைய எழுத்துப் பிழைகளால்தான்.

ஆவடியில், ராணுவத் தளவாடத் தொழிற்சாலையின் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள். அப்பா ஞானசேகரன் நாகர்கோவில் பக்கத்திலிருந்து ஃபிட்டராக வந்து சேர்ந்து, அங்கேயே தலை நரைத்தவர். அம்மா, அவள் கல்லூரியில் படிக்கும்போதே போய்விட்டாள். அடுத்த வருடம் அப்பா ஓய்வு பெறுகிறார். அதற்குள் வீட்டைக் காலி செய்துவிட்டுப் பட்டாபிராமில் வாங்கிப்போட்ட சின்ன ஃபிளாட்டுக்குப் போக வேண்டும். அதற்கு முன்னால் மகளுக்கு ஒரு வேலை அமைந்துவிட வேண்டும் என்பது அவருடைய கவலை.

வேலைதான் அமையவில்லை. பி.காம். நல்ல மார்க். கணக்கு தண்ணீர் பட்ட பாடு. ஆனால் பத்தாவது வரை தமிழ் மீடியம் படித்த அவளுக்கு ஆங்கில எழுத்துக்கூட்டல் மட்டும் கைவரவே இல்லை. இரண்டு எழுத்து வர வேண்டிய இடத்தில் ஒன்றுதான் வரும். யாரும் கூப்பிடாத இடத்தில் ஒரு 'எச்' வந்து உட்கார்ந்துகொள்ளும். ஒரு கம்பெனியில் அவள் எழுதிக் கொடுத்த கடிதத்தை மேனேஜர் பக்கத்து மேசைக்காரரிடம் காட்டிச் சிரித்ததை அவள் கண்ணாலேயே பார்த்தாள்.

கடைசியாக அவளை எடுத்துக்கொண்ட ஜெகதீஷின் ஆபீஸ் அம்பத்தூர் எஸ்டேட்டில், ஒரு பேட்டரிக் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் இருந்தது. டேட்டா என்ட்ரி என்று விளம்பரம் கொடுத்திருந்தான். முப்பத்தைந்து வயதிருக்கும். அம்பத்தூரிலேயே பிறந்தவன். அவளைக் கம்ப்யூட்டர் முன் உட்காரவைத்து, கம்பெனி பெயர்களாக வேகவேகமாக வாசித்தான். கீபோர்டைப் பார்க்கக் கூடாது, அழிக்கக் கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை. முடித்ததும் வந்து திரையைப் பார்த்தான்.

"இன்னாமா இது, பாதிக்கு மேல தப்பா கீது?"

"சாரி சார்."

"இன்னாத்துக்கு சாரி? திங்கக்கெழம வந்துடு."

ஏன் எடுத்தான் என்று அவளுக்குப் புரியவில்லை. சேர்ந்த பிறகு, பக்கத்து நாற்காலியில் இருந்த சபீனாதான் விளக்கினாள். சபீனா அங்கே பழைய ஆள். கொரட்டூரிலிருந்து ஸ்கூட்டியில் வருவாள்.

"ஜனங்க ஒரு கம்பெனியோட வெப்சைட்டுக்குப் போகணும்னு பேரை அடிக்கிறாங்க. ஒரு எழுத்து தப்பாப் போகுது. அந்தத் தப்பான பேரை நாம முன்னாடியே வாங்கி வெச்சிருக்கோம். நம்ம பக்கத்துக்கு வந்துடுறாங்க. அங்க ஒண்ணுமே இருக்காது, வெறும் விளம்பரம். அதுல எதையாவது தொட்டாங்கன்னா நமக்குக் காசு."

"ஏமாத்துறதா?"

"நாம யாரையும் கூப்பிடலையே. அவங்களா வழி தப்பி வர்றாங்க."

எந்த எழுத்து தப்பாகப் போகும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்வதுதான் தொழில். கம்ப்யூட்டரைக் கேட்டால் ஆயிரம் பிழைகளைக் கொட்டும், ஆனால் அவற்றில் பெரும்பாலானவை எந்த மனிதனும் செய்யாத பிழைகள். ஆக்னஸின் கை செய்வது ஊரில் பாதிப் பேர் செய்யும் பிழை. ஜெகதீஷ் பெயர்களை வாசிப்பான், அவள் அடிப்பாள், அதில் தேறியதை அவன் வாங்கிப் போடுவான். பூந்தமல்லியில் இருக்கும் நலந்தீபம் ஆஸ்பத்திரி ஒருநாள் அப்படித்தான் வந்தது. ஆஸ்பத்திரிக்காரர்கள் தங்கள் வெப்சைட் முகவரியில் தீபத்துக்கு 'டி' மட்டும் போட்டிருந்தார்கள். ஆக்னஸின் கை அதற்குப் பக்கத்தில் ஒரு 'எச்' சேர்த்தது. ஜெகதீஷ் மேசையைத் தட்டினான்.

"கரெக்டா தப்பு பண்றமா நீ! இப்பிடித்தான் அடிப்பான் அல்லாரும்."

அன்று மாலை ஆவடிக்கு ரயிலில் போகும்போது அவளுக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் இருந்தது. எல்லோரும் சிரித்த ஒன்றை ஒருவன் கைதட்டிப் பாராட்டியிருக்கிறான்.

சேர்ந்த முதல் வாரத்திலேயே ஆதார், பான் கார்டு நகல் வாங்கிக்கொண்டார்கள். ஆபீஸ் ரூல் என்றான் ஜெகதீஷ். அதிலிருந்து அவ்வப்போது அவள் போனுக்கு ஓடிபி வரும். "ஒரு நம்பர் வந்திருக்கும் பாரு, சொல்லு" என்று உள்ளே இருந்தபடியே கேட்பான். அவள் வாசித்துக் காட்டுவாள். காபி குடித்துக்கொண்டே, சாப்பிட்டுக்கொண்டே, சில நாள் ரயிலில் நின்றுகொண்டே வாசித்திருக்கிறாள்.

பிறகு போன் வரத் தொடங்கியது.

முதலில் ஒருவர் சிலிண்டர் ஏன் வரவில்லை என்று கேட்டார். ராங் நம்பர் என்று வைத்துவிட்டாள். அடுத்து ஒரு பையன், அரியர் ரிசல்ட் எப்போது வரும் என்றான். அதற்கடுத்து ஒரு பெண், தன் அண்ணன் ஏறிய ஆம்னி பஸ் எங்கே வருகிறது என்று அழாத குறையாகக் கேட்டாள். ஒரே நாளில் இத்தனை ராங் நம்பரா என்று சபீனாவிடம் சொன்னபோது, சபீனா ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினாள். விளம்பரங்களுக்கு எல்லாம் கீழே ஒரு வரி இருந்தது: இந்தப் பெயரை வாங்க விரும்பினால் தொடர்புகொள்ளவும். அதன் பக்கத்தில் ஆக்னஸின் நம்பர்.

அவள் எழுந்து ஜெகதீஷின் அறைக்குப் போனாள்.

"சார், என் நம்பரை எதுக்கு சார் போட்டீங்க?"

"பின்ன யாரு நம்பர் போடறது? டொமைன், அதான் நாம வாங்கிப் போட்ட வெப்சைட் பேருங்க, அல்லாம் உன் பேர்லதான கீது."

"என் பேர்லயா?"

"தெனம் ஓடிபி சொன்னியே, எதுக்குன்னு நெனச்ச? என் பேர்ல ஏற்கெனவே ரெண்டு கேஸ் ஓடிகினு கீது. என் பேர் போட்டாலே நோட்டீஸ் உடறானுங்க. உன்ன யாரு கண்டுக்கப் போறா? ஒண்ணியும் ஆவாது, போய் வேலயப் பாரு."

அவள் வந்து உட்கார்ந்தாள். அவளுக்குத் தெரியாமலே முந்நூறுக்கு மேற்பட்ட பெயர்களுக்கு அவள் சொந்தக்காரி ஆகியிருந்தாள். எல்லாம் அவள் கையாலேயே பிறந்தவை. வேலையை விட்டுவிடலாமா என்று அன்றே யோசித்தாள். விட்டால் மட்டும் பெயர்கள் விட்டுவிடுமா என்று தெரியவில்லை. அப்பா அந்த மாதம்தான் பட்டாபிராம் ஃபிளாட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் பேசியிருந்தார். ஓய்வுக்குப் பிறகு வீட்டைத் தாங்கப் போவது இந்தச் சம்பளம்தான்.

போன் வந்தால் எடுக்காமல் இருந்து பார்த்தாள். முடியவில்லை. திரும்பத் திரும்ப அடிப்பார்கள். அவர்களுக்கு எங்கோ ஒரு வாசலைத் தட்டிக்கொண்டிருப்பதாக எண்ணம். ஆகவே எடுத்து, "நீங்க தப்பான சைட்டுக்கு வந்துட்டீங்க, பேரைச் சரியாப் பார்த்து அடிங்க" என்று சொல்லப் பழகினாள்.

வேலுசாமி கூப்பிட்டது ஒரு மத்தியானம். தருமபுரிப் பக்கத்து ஆள், குத்தம்பாக்கத்தில் வாடகைக்கு இருந்துகொண்டு திருமழிசையில் ஒரு பேக்கிங் கம்பெனியில் சூப்பர்வைசராக வேலை செய்கிறவர். இந்த விவரம் எல்லாம் அவரே சொன்னார். பேசப் பேச மூச்சு வாங்கியது.

"நலந்தீபம் ஆஸ்பத்திரிங்களா மேடம்?"

"இல்லைங்க சார்."

"வெச்சிடாதீங்க மேடம், தயவு பண்ணி வெச்சிடாதீங்க. எங்க வீட்டம்மா வனஜாவுக்கு மார்புல கட்டின்னு சதை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்புனீங்க. ரிப்போர்ட்டை ஆன்லைன்ல பாத்துக்கங்கன்னு சொன்னீங்க. நானும் பாத்தேன். அதுல ரிப்போர்ட்டுன்னு ஒண்ணு போட்டிருந்துச்சு, தொட்டேன். உடனே ஒரு ஆள் போன் பண்ணாரு. ரிப்போர்ட்டை நாங்களே வாங்கித் தர்றோம், அதுக்கு முன்னாடி இன்னொரு ஸ்கேன் எடுக்கணும்னு எங்கெங்கயோ கூட்டிட்டுப் போனாரு. இன்னைக்கு நாளைக்குன்னு ஒரு மாசம் ஓடிப்போச்சு. இப்ப போனையே எடுக்கறதில்ல. அதான் அந்தப் பக்கத்துக்கு அடியில இருந்த உங்க நம்பருக்குப் போட்டேன்."

அந்தப் பக்கம், அந்த விளம்பரம், அந்த நம்பர், எல்லாம் எது என்று ஆக்னஸுக்குத் தெரியும்.

"சார், நீங்க போனது ஆஸ்பத்திரியோட சைட்டே இல்லை. சரியான பேரை நான் சொல்றேன், எழுதிக்கோங்க."

ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். சொல்லும்போது விரல்கள் மேசைமேல் தாமாகத் தட்டிக்கொண்டிருந்தன. வேலுசாமி திருப்பிச் சொன்னார். சரி என்றாள். "நீங்க நல்லா இருக்கணும்மா" என்று வைத்தார்.

கால் மணி நேரத்தில் மறுபடி கூப்பிட்டார்.

"நீங்க சொன்ன மாதிரியே அடிச்சேன் மேடம். அதே பக்கம்தான் வருது. கீழ உங்க நம்பர்தான் இருக்குது."

ஆக்னஸ் தான் சொன்ன எழுத்துக்களை ஒரு தாளில் எழுதினாள். 'டி'. அதற்குப் பக்கத்தில் 'எச்'. அவள் கை அதைத்தான் சரியென்று நினைத்துக்கொண்டிருந்தது. வழி தப்பி வந்தவரை அவளே கையைப் பிடித்து அதே குழிக்குத் திரும்ப அழைத்துப் போயிருக்கிறாள்.

"சார், நாளைக்குக் காலையில நீங்களும் அக்காவும் ஆஸ்பத்திரிக்கே வந்துடுங்க. நானும் வர்றேன்" என்றாள். வேறு எதுவும் சொல்ல அவளுக்குத் தைரியம் வரவில்லை.

மறுநாள் லீவு சொல்லிவிட்டுப் பூந்தமல்லிக்குப் போனாள். ஆஸ்பத்திரி வாசலில் ஒரு குட்டையான மனிதரும், மஞ்சள் சேலை கட்டிய பெண்ணும் நின்றிருந்தார்கள். வேலுசாமி அவளைப் பார்த்ததும் கும்பிட்டார். கவுண்டரில் பில்லைக் காட்டியவுடன் ரிப்போர்ட்டைக் கொடுத்துவிட்டார்கள். எடுத்துக்கொண்டு டாக்டரைப் பார்க்க உள்ளே போன இருவரும் வெகுநேரம் கழித்தே வந்தார்கள். வேலுசாமி மருந்து வாங்கும் சாக்கில் வேறு பக்கம் திரும்பிப் போய்விட்டார். வனஜா மட்டும் வந்து ஆக்னஸ் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"புத்துநோய்தானாம். எப்பவோ வந்த ரிப்போர்ட்டு, இத்தனை நாள் எங்க போனீங்கன்னு டாக்டரம்மா சத்தம் போடறாங்க."

ஆக்னஸ் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நீ இந்த ஆஸ்பத்திரிப் பொண்ணு இல்லையே. உள்ள உன்னை ஒருத்தருக்கும் தெரியலையே."

"இல்லக்கா."

"பின்ன உன் நம்பரு எப்படி அதுல இருந்துச்சு?"

ஆக்னஸ் சொன்னாள். சுற்றிவளைக்காமல், சபீனா தனக்குச் சொன்ன மாதிரியே சொன்னாள். வனஜா குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"அப்ப எங்க வீட்டுக்காரரு தப்பா அடிப்பாருன்னு உனக்கு முன்னாடியே தெரியும்."

"அவர்னு தெரியாதுக்கா. யாராவது அடிப்பாங்கன்னு தெரியும்."

வனஜா திட்டவில்லை. திட்டியிருந்தால் ஆக்னஸுக்குத் தேவலாம் போலிருந்தது.

"அதை எடுத்துடு" என்றாள் வனஜா.

"எடுத்துடறேன்க்கா."

சொல்லிவிட்டாளே தவிர, எடுப்பது அவள் கையில் இல்லை. ஆபீஸ் போனதும் ஜெகதீஷிடம் நலந்தீபம் பெயரை மட்டுமாவது விட்டுவிடும்படி கேட்டாள். நடந்ததையும் சொன்னாள். அவனுக்கும் முகம் மாறியது உண்மை.

"பாவம்தான்மா. ஆனா நாம இன்னா பண்ணோம்? இட்டுகினு போயி ஏமாத்தினவன் வேற எவனோ. நாம வெளம்பரம் போட எடம் உட்டோம், அவ்ளோதான்."

"அந்த ஒண்ணை மட்டும் விட்டுடுங்க சார்."

"ஆஸ்பத்திரி வெளம்பரத்துலதான்மா துட்டே கீது. அது ஒண்ணுதான் இப்ப ஆபீஸையே ஓட்டிகினு கீது."

"அப்ப நான் வேலையை விட்டு நின்னுக்கறேன் சார்."

"தாராளமா போ. உன் பேர் எங்க போவும்? நீ இங்க கீறவரைக்கும் எதுனா நோட்டீஸ் வந்தா என் வக்கீல வெச்சி நான் பாத்துப்பேன். வெளிய பூட்டீனா நீயாச்சு உன் பேராச்சு."

அவன் மிரட்டவில்லை. ஒரு கணக்கைச் சொல்வது போலச் சாதாரணமாகத்தான் சொன்னான். அவள் திரும்பி வந்து கீபோர்டின் முன் உட்கார்ந்தாள். அன்று அவன் வாசித்த பெயர்களில் அவள் ஒன்றைக்கூடத் தப்பாக அடிக்கவில்லை. கையைப் பிடித்துப் பிடித்து அடித்தாள். எத்தனை நாளைக்கு என்று அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

அதற்குள் வேலுசாமி, நடந்ததை ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்திருந்தார். ஆஸ்பத்திரி விசாரித்தது. அந்தப் பெயர் யாருடையது என்று பார்த்தது. ஒரு சனிக்கிழமை, குவார்ட்டர்ஸ் முகவரிக்குப் பதிவுத் தபால் வந்தது. அப்பாதான் கையெழுத்துப் போட்டு வாங்கினார். ஆக்னஸ் குளித்துவிட்டு வந்தபோது அதைப் பிரிக்காமல் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

"மக்ளே, ஆஸ்பத்திரி வக்கீல்ட்ட இருந்து உன் பேருக்கு வந்திருக்கு. உனக்கு உடம்புக்கு எதுவும் உண்டா? அப்பாட்ட மறைக்கியா?"

"ஒண்ணுமில்லப்பா. கம்பெனி விஷயம்."

அவர் நம்பவில்லை. அவள் கழுத்தில் கையை வைத்துச் சூடு பார்த்தார். அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு படித்தாள். பெயரை உடனே ஒப்படைக்க வேண்டும், இல்லாவிட்டால் மோசடி வழக்கு. ஆஸ்பத்திரியின் பெயரை நோட்டீஸில் சரியான எழுத்துக்களில் அச்சிட்டிருந்தார்கள். அதற்குக் கீழே அவளுடைய பெயர், அப்பாவின் பெயர், குவார்ட்டர்ஸ் எண். போலீஸ் வந்தால் தொழிற்சாலை கேட்டிலேயே விசாரித்துக்கொண்டுதான் வருவார்கள். ஓய்வு பெறப் போகும் மனிதர் அந்த கேட் வழியாக இன்னும் சில மாதங்கள் போய்வர வேண்டும்.

திங்கட்கிழமை நோட்டீஸை ஜெகதீஷ் முன் வைத்தாள். அவன் படித்துவிட்டு மடக்கினான்.

"பேஜாரா பூடுச்சு. சரி, உனக்கு இஷ்டமில்ல. உன்ன புடிச்சி வெச்சி எனக்கு இன்னா ஆவப்போவுது? அல்லாத்தையும் வேற பேருக்கு மாத்திடறேன். நீ ஃப்ரீ. போதுமா?"

அவளுக்கு மூச்சு வந்தது. "இப்பவே மாத்திடலாமா சார்?"

"இப்பவே."

அவன் கதவுப் பக்கம் பார்த்து, "கவிப்பிரியா" என்று கூப்பிட்டான். ஒரு பெண் உள்ளே வந்தாள். போன வாரம் சேர்ந்தவள், காட்டுப்பாக்கத்திலிருந்து வருகிறாள் என்று மட்டும் ஆக்னஸுக்குத் தெரியும். புது செருப்பு, புது ஹேண்ட்பேக். வேலை கிடைத்த சந்தோஷம் இன்னும் முகத்தில் அப்படியே இருந்தது.

ஜெகதீஷ் கம்ப்யூட்டரில் ஏதோ செய்தான். "ரெண்டு பேருக்கும் ஓடிபி வரும். சொல்லுங்க."

கவிப்பிரியாவின் போன் முதலில் ஒலித்தது. அவள் பள்ளிக்கூடத்தில் பதில் சொல்வது போல நிமிர்ந்து நின்று எண்களை வாசித்தாள். பிறகு ஆக்னஸின் போன் ஒலித்தது.

"சொல்லுமா."

ஆக்னஸ் திரையைப் பார்த்தாள். அதைச் சொல்லிவிட்டால் அவள் வெளியே போய்விடலாம். நோட்டீஸுக்கும் ஒரு பதில் கிடைத்துவிடும். அப்பாவிடம் எதையும் சொல்ல வேண்டியிருக்காது.

"இது எதுக்குன்னு இவங்ககிட்ட சொன்னீங்களா சார்?"

"அதெல்லாம் உனக்கு எதுக்கு? நம்பர சொல்லு, டைம் போவுது."

ஆக்னஸ் அந்தப் பெண்ணிடமே திரும்பினாள். "எதுக்கு உன் ஆதார் வாங்கினாங்கன்னு தெரியுமா?"

"ஆபீஸ் ரூல்னு சொன்னாங்கக்கா. ஏன்?"

"இங்க இருக்கிற டொமைன் எல்லாம் உன் பேருக்கு வரப்போகுது. கேஸ் வந்தா உன் மேலதான் வரும். எனக்கு வந்திருக்கு, பார்."

கவிப்பிரியா நோட்டீஸைப் பார்த்தாள், பிறகு ஜெகதீஷைப் பார்த்தாள். அவன் சிரித்தான்.

"ஒரே ஒரு நோட்டீஸு. அதுக்கே இந்த அக்கா இப்பிடி பேசுது. நீ பயந்துக்காத. வேல வேணும்ல?"

அந்தப் பெண்ணுக்கு வேலை வேண்டும் என்பது மட்டும் தெரிந்தது. ஆக்னஸ் போனைக் கைப்பைக்குள் போட்டாள். கொஞ்ச நேரத்தில் அந்த ஓடிபி செல்லாமல் போகும் என்று மூவருக்கும் தெரியும். ஜெகதீஷ் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தான்.

"அப்ப நீயே மாட்டிகினு சாவு."

அவள் படியிறங்கும்போது சபீனா பின்னாலேயே ஓடிவந்தாள். முதல் மாடித் திருப்பத்தில் நிறுத்தி, ஒரு மெயில் ஐடியைத் தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"இதுதான் டொமைன் கணக்கோட ஐடி. பாஸ்வேர்டு மறந்துபோச்சுன்னு குடு. ஓடிபி உன் நம்பருக்குத்தான வரும்? நான் சொன்னேன்னு எங்கயும் சொல்லிடாத ஆக்னஸ். எனக்கு ரெண்டு பசங்க."

அம்பத்தூர் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து அதைச் செய்தாள். இத்தனை நாள் மற்றவனுக்கு வாசித்துக் காட்டிய ஓடிபியை முதல்முறையாகத் தானே அடித்தாள். கணக்கு திறந்தது. அவளுடைய பிழைகள் எல்லாம் வரிசையாக இருந்தன. பல பெயர்களை எந்த நாளில், எந்த மனநிலையில் அடித்தாள் என்றுகூட நினைவு வந்தது. பாஸ்வேர்டை மாற்றினாள். அதற்குப் பிறகு ஜெகதீஷின் போன் வந்துகொண்டே இருந்தது. அவள் எடுக்கவில்லை.

அன்று மாலை அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். ஞானசேகரனுக்கு டொமைன் என்றால் என்னவென்று புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் அவர் கேட்டது ஒன்றுதான்.

"அந்தப் பெண்ணுக்கு இப்ப எப்படி இருக்கு?"

"மருந்து ஏத்த ஆரம்பிச்சிருக்காங்கப்பா."

மறுநாள் இருவருமாகப் பூந்தமல்லியில் ஆஸ்பத்திரி வக்கீலின் ஆபீஸுக்குப் போனார்கள். வக்கீல் ஷர்மிளா, ஆக்னஸை விடக் கொஞ்சம்தான் பெரியவளாக இருப்பாள். சண்டைக்குத் தயாராக இருந்தவளுக்கு, வந்தவள் அங்கேயே உட்கார்ந்து பெயரை ஆஸ்பத்திரியின் பேருக்கு மாற்றிக் கொடுத்தது ஆச்சரியமாக இருந்தது. எழுதி வாங்கிக்கொண்டு, வழக்கு இல்லை என்று எழுதிக் கொடுத்தாள். அந்த 'எச்' வைத்த பெயரை யார் அடித்தாலும் இப்போது சரியான ஆஸ்பத்திரிப் பக்கத்துக்குத்தான் போகிறது.

எழுந்து கிளம்பும்போது ஷர்மிளா கேட்டாள். "மிச்சப் பேர் எல்லாம்?"

"என்கிட்டதான் இருக்கு மேடம்."

"எங்களை மாதிரி ஒவ்வொருத்தரா வருவாங்கம்மா. தெரியும்ல?"

வரட்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றியது. வருகிறவர்களிடம் கொடுத்துவிடலாம். முதல் வேலையாக எல்லாப் பக்கங்களிலும் இருந்த விளம்பரங்களை எடுத்தாள். பிறகு, வருகிறவரைக்கும் காத்திருப்பானேன் என்று அவளே கூப்பிட ஆரம்பித்தாள். உங்கள் பெயரைப் போன்ற ஒரு பெயர் என்னிடம் இருக்கிறது, சும்மாவே தருகிறேன், வாங்கிக்கொள்ளுங்கள் என்றாள். பல இடங்களில் யாரிடம் பேச வேண்டும் என்றே தெரியவில்லை. ஒரு பஸ் கம்பெனியில், "இது பணம் புடுங்குற புது வழியா?" என்று கேட்டு வைத்துவிட்டார்கள். ஒரு ரத்ததானச் சங்கத்தில் எடுத்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, போலீஸில் சொல்லிவிடுவேன் என்றார். சிலர் மட்டும் வாங்கிக்கொண்டார்கள்.

ஜெகதீஷ் இரண்டு முறை குவார்ட்டர்ஸ் கேட்டுக்கு வந்து நின்றான். கத்தவில்லை. பாதியையாவது கொடு என்று கெஞ்சினான். ஞானசேகரன் அவனிடம், "தம்பி, போயிரு" என்று மட்டும் சொன்னார். அதற்குமேல் அவன் வரவில்லை. ஏன் வரவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

வருடம் முடியும் பெயர்களை ஆக்னஸ் புதுப்பிக்காமல் விட்டாள். ஒவ்வொன்றாக அவள் பேரிலிருந்து கழன்று போவதைப் பார்க்க நிம்மதியாக இருந்தது. அதற்குள் ஆவடி மார்க்கெட் பக்கம் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கணக்கு எழுதும் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். வீடும் பட்டாபிராமுக்கு மாறியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து திரும்பும் வழியில், தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது.

"அக்கா, நான் கவிப்பிரியா. அம்பத்தூர் ஆபீஸ்ல பாத்தோமே."

"சொல்லு கவி."

"யாரு யாரோ போன் பண்ணி சிலிண்டர் வரல, ரிசல்ட் வரலன்னு கேக்குறாங்கக்கா. உங்களுக்கும் இப்படித்தான் வருமா? என்ன சொல்லுவீங்க அவங்ககிட்ட?"

ஆக்னஸ் ரோட்டோரமாக நின்றுவிட்டாள். அவள் விட்ட பெயர்கள் காலியாகக் கிடக்கவில்லை. அவை கழன்றதுமே ஜெகதீஷ் எடுத்து, இந்தப் பெண்ணின் பேரில் போட்டிருக்கிறான். ஆக்னஸ் ஓடிபி சொல்லித் தானாகப் பெயர்களைக் கொடுக்கவில்லை என்பதைத் தவிர, கவிப்பிரியாவின் விஷயத்தில் ஒன்றும் மாறவில்லை.

"அங்க இருந்து வந்துடு கவி."

"எப்படிக்கா வர்றது? வேற வேலை கிடைச்சா வந்துடுவேன்."

அந்தப் பெண்ணிடம் இதற்குமேல் என்ன சொல்ல முடியும்? ஓடிபியைச் சொல்லாதே என்றாள். சரிக்கா என்றாள் கவிப்பிரியா, சொல்லாமல் இருக்க முடியாத குரலில்.

வீட்டுக்கு வந்ததும் ஆக்னஸ் கணக்கைத் திறந்தாள். இன்னும் அவளிடம் இருந்தவற்றில் ஆஸ்பத்திரிகள் இருந்தன, ஒரு ஆம்புலன்ஸ் சேவை இருந்தது, அந்த ரத்ததானச் சங்கமும் இருந்தது. அடுத்த மாதம் முதல் அவையும் முடியத் தொடங்கும். விட்டால் போய்விடும், போனால் எங்கே போகும் என்றும் தெரியும். ஒவ்வொன்றையும் அதனதன் சரியான பக்கத்துக்குத் திருப்பிவிட்டாள். எழுத்துக்களைத் தானே நம்பாமல், அப்பாவை உட்காரவைத்து ஒவ்வொன்றாக வாசிக்கச் சொல்லி ஒப்பிட்டுக்கொண்டாள். பிறகு புதுப்பிக்கத் தொடங்கினாள்.

ஞானசேகரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"வேண்டாம்னு வந்த வேலையத்தான மக்ளே இப்பவும் பாக்க. உன் பேர்லயேதான் இருக்கு எல்லாம்."

"விட்டா அவன் எடுத்துக்குவான்பா."

"சரி. எத்தனை வருஷத்துக்கு?"

ஆக்னஸ் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தெரியலப்பா. அடுத்ததை வாசிங்க."